சீட்டு ஒட்டிய கஞ்சி

காலி பாட்டில்

“வெறும் பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா இன்னா அர்த்தம்?” என்றாள் ஜன்னலுக்கு வெளியே நின்ற பச்சையம்மா. நான் பாட்டிலை அவள் பக்கம் தள்ளினேன். அவள் என் பக்கம் தள்ளினாள். கம்பவுண்டர் வேலையில் மருந்து கலக்குவது சுலபம். மருந்து வேண்டாம், சாப்பாட்டை மாற்றிக்கொள் என்று சொல்லி ஆளை அனுப்புவதுதான் கஷ்டம். அடுத்தவருக்குப் புத்தி சொல்லிப் பிழைக்கிற வாத்தியார்களுக்கும் ஜோசியர்களுக்கும் இந்த அவஸ்தையை விளக்க வேண்டியதில்லை.

யுத்த காலம். பர்மா அரிசி வருவது நின்றுபோய் ரேஷன் வந்திருந்தது. திருத்தணியில் எங்கள் ஆஸ்பத்திரி அலமாரியில் ஜாடிகள் வரிசையாகத்தான் இருந்தன. திறந்தால் மருந்தின் வாசனை மட்டும் வரும். “இருக்கிறதை ஜுரக்காரனுக்கு வை. சோத்தால வந்தது சோத்தாலயே போகட்டும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஜனங்களுக்கு மருந்து என்றால் பாட்டில். பாட்டிலை அவர்களே கொண்டுவருவார்கள். நான் மிக்சரை ஊற்றி, வெள்ளைக் காகிதத்தைப் பட்டையாகக் கத்தரித்து, ஓரத்தில் வேளைக்கு ஒரு வெட்டு கொடுத்து, பசை தடவி ஒட்டித் தருவேன். ஒரு வெட்டு ஒரு வேளை. எழுத்து தெரியாதவர்களுக்கும் அந்தச் சீட்டு புரியும்.

பச்சையம்மா கே.ஜி.கண்டிகையில் நாற்று நடுகிறவள். உடம்பில் சோர்வு, வாயோரத்தில் புண். சோற்றில் கஞ்சியை வடிக்காதே, தினம் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை சாப்பிடு என்று டாக்டர் சொன்னதை நான் இரண்டு தடவை சொன்னேன். அவள் பாட்டிலை மடியில் செருகிக்கொண்டாள். “முருங்கக்கீரை எங்க வூட்டாண்டயே மொளச்சிகினு கீது. அத்தத் துன்றதுக்கு நான் எதுக்கு இம்மாந்தூரம் நடந்து வரணும்?”

குனிந்து பார்க்கிற கால்

அந்த வாரமே அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டியிலிருந்து முனிரத்தினத்தை அவன் மனைவி கன்னியம்மா கைத்தாங்கலாக இறக்கினாள். முப்பது வயசு, நெசவுக்காரன், மாமியார் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை. டாக்டர் குண்டூசியால் அவன் பாதத்தில் குத்தினார். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் அழுத்திக் குத்தினார். “எப்ப குத்தப் போறீங்க?” என்று கேட்டான்.

குழித்தறியில் கால் இரண்டும் குழிக்குள் இருக்கும். மிதிகள் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரிந்தால் போதும். “இப்ப கால் மிதி மேல கீதா இல்லியான்னு ஒவ்வொரு தபாவும் குனிஞ்சு பாக்கறேங்க. குனிஞ்சா குறுக்க நூல் ஓட்டற நாடா நின்னுபோவுது” என்றான். அந்த வீட்டில் தறி ஒன்றுதான். அவன் கால் நின்றால் எல்லாமே நிற்கும்.

என்ன சாப்பிடுகிறான் என்று டாக்டர் கேட்டார். கன்னியம்மா பெருமையோடு சொன்னாள். தெலுங்கு எல்லையோரத்து வழக்கப்படி அவள் புருஷனைப் பாவா என்றுதான் சொல்வாள். “பாவாவுக்குக் களி போட்டதே இல்லீங்க. ரேஷன்ல வர்ற அரிசி மொத்தமும் அவருக்குத்தான். மில்லு அரிசி, மல்லிப்பூ மாதிரி. மூணு தண்ணி கழுவிக் கஞ்சிய சுத்தமா வடிச்சிடுவோம். கஞ்சி பாவுக்கு வேணுமே. நாங்க பொம்பளைங்கதான் கேவரகுக் களியும் கீரையும் துன்றோம்.” கஞ்சியில் நனைத்து விறைப்பாக்கினால்தான் பாவு நூல் தறியில் அறாது. ஆக, அரிசியின் தவிடு மில்லில் போயிற்று, சத்து கழுவுநீரில் போயிற்று, மிச்சத்தை நூல் சாப்பிட்டது. மாப்பிள்ளைக்குச் சோற்றின் வெள்ளை நிறம் மட்டும் கிடைத்தது.

டாக்டர் கன்னியம்மாவின் காலைப் பார்த்தார். அது தரையில் நன்றாக ஊன்றி நின்றது. “இந்தம்மா சாப்பிடறதை நீயும் சாப்பிடு. கால் வந்துடும்” என்றார். முனிரத்தினம் முதல்முறையாகக் காலண்டரை விட்டு அவரைப் பார்த்தான். “மாமியார் வூட்ல களி துன்னா எவன் சார் என்னை மாப்ளன்னு சொல்வான்?”

என் சட்டை

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குச் சொல்கிறோமே, வீட்டில் என்ன நடக்கிறது என்று அடுப்படிப் பக்கம் போனேன். என் மனைவி பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். அது வெள்ளையாக, ஆவி பறக்க, நல்லதெல்லாம் சேர்ந்து ஒரு சட்டியில் விழுந்தது. வடிக்காமல் தண்ணீரை அளவாக வைத்துப் பொங்கினால் என்ன, அரிசியை ஒரு தண்ணீர் கழுவியதோடு விட்டால் என்ன என்று ஆரம்பித்தேன். பி என்று ஒரு வைட்டமின் இருப்பதையும் சொன்னேன்.

அவள் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக் கொல்லைக்குப் போனாள். அங்கே நான் திங்கட்கிழமை போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைச் சட்டை ஊறுவதற்குக் காத்திருந்தது. என் சட்டையின் விறைப்பு ஆஸ்பத்திரியில் பேர்போனது. சட்டையைக் கஞ்சியில் முக்கிப் பிழிந்து உதறிவிட்டு அவள் கேட்டாள். “போன வருஷம் சோறு கொழகொழன்னு கீதுன்னு தட்ட நகத்தி வச்சது நீங்களா, உங்க வைட்டமினா?”

உண்மையைச் சொன்னது

முனிரத்தினம் களி தொடமாட்டான், வீட்டில் கஞ்சியைப் பாவுக்குத்தான் ஊற்றுவார்கள் என்று ஆனதும் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்தார். பிறகு என்னை அரிசி மில்லுக்கு அனுப்பினார். அங்கே மாட்டுக்கென்று குவித்திருந்த புதுத் தவிட்டில் ஒரு படி வாங்கிவந்தேன். சலித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, வெல்லம் போட்டேன். பழுப்பு நிறம். மிக்சர் என்றால் நம்பலாம் போல இருந்தது. பாட்டிலில் ஊற்றிச் சீட்டு ஒட்டினேன். ஆறு வெட்டு.

பொய் சொல்லக் கூடாது என்பதில் டாக்டர் கண்டிப்பானவர். ஆகவே அம்மையார்குப்பத்துக்கு நானே கொண்டுபோய், மாமியார் முன்னால், ஒன்றுவிடாமல் சொன்னேன். இது தவிடு. மாட்டுக்குப் போடுகிற அதே தவிடு. வெந்நீரும் வெல்லமும் தவிர வேறு ஒன்றும் இல்லை. இரண்டு நாளைக்கு மேல் வைத்தால் புளித்துவிடும், நீங்களே வீட்டில் காய்ச்சிக்கொள்ளலாம். அந்த அம்மா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வெட்டுகளை விரலால் எண்ணினாள். முனிரத்தினம் அதற்குள் முதல் வெட்டு வரை குடித்து, மருந்துக்குச் சுளிக்கிற மாதிரி முகத்தைச் சுளித்தும் ஆயிற்று.

நான் மறுபடியும் தவிடு என்றேன். அந்த அம்மா சிரித்தாள். “மருந்து பேர வெளிய சொல்லக் கூடாதுன்னு டாக்டரு சொல்லி அனுப்பியிருப்பாரு. எங்களுக்குத் தெரியாதுங்களா? தவிட்டுக்கு யாராச்சும் சீட்டு ஒட்டுவாங்களா?”

ஊசி

அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பாட்டில் வந்து போயிற்று. ஆஸ்பத்திரிக் கொல்லையில் தவிடு கொதிக்கிற வாசனைக்குத் தெருமாடுகள் வந்து நிற்க ஆரம்பித்தன. நான்காம் வாரம் முனிரத்தினம் வண்டியிலிருந்து தானே இறங்கினான். டாக்டர் குண்டூசியை எடுத்தார். அவன் காலண்டர் பக்கம் திரும்பினான். திரும்பியவன் “ஐயோ!” என்று கத்தினான். கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் இன்னொரு தடவை குத்தினார். இது சந்தோஷத்தில் குத்தியது என்று நினைக்கிறேன்.

கன்னியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு அவர் சொன்னது வேறு. “தவிட்டுத் தண்ணி எத்தனை நாளைக்கு? சாப்பாடு மாறலேன்னா கால் திரும்பவும் மரத்துடும். அடுத்த தடவை இவ்வளவு சுலபமா வராது.” அவள் தலையாட்டினாள். ஆனால் வீட்டில் பரிமாறுவது அவள் அம்மா. மாப்பிள்ளை இலையில் மல்லிப்பூவைத் தவிர வேறு எதுவும் விழ அந்த அம்மா விட்டதில்லை.

சேதி பரவிவிட்டது. அம்மையார்குப்பத்து மிக்சர் வேண்டும் என்று கனகம்மாசத்திரத்திலிருந்தெல்லாம் பாட்டிலோடு வந்தார்கள். வரிசையில் பச்சையம்மாவும் நின்றாள். வாயோரத்தில் புண் அப்படியே இருந்தது. உனக்குத் தவிடு வேண்டாம், கீரைதான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவள் மடியிலிருந்து ஒரு சின்ன மண்சட்டியை எடுத்து ஜன்னலில் வைத்தாள். உள்ளே வதக்கின முருங்கைக்கீரை. “கீரய நானே துன்னுக்கறேன் கம்பவுண்டரே. நீ இதும்மேல சீட்டு மட்டும் ஒட்டிக் குடு.”

ஊறுகாய்

ஒட்டிக் கொடுத்தேன். ஏழு வெட்டு, வாரத்துக்கு. அவள் தினமும் சட்டியில் புதிதாகக் கீரை வதக்கி, சீட்டில் ஒரு வெட்டைக் கிழித்துவிட்டுச் சாப்பிட்டாளாம். புண் ஆறிற்று. வீட்டில் இப்போது சோறு கொஞ்சம் கொழகொழப்பாக இருக்கிறது, என் சட்டையும்தான்.

தை மாதம் முனிரத்தினம் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தெருமுனையிலேயே தறிச் சத்தம் கேட்டது. நடுவில் நிற்காத சத்தம். எனக்கும் அவனுக்கும் மட்டும் இலை போட்டார்கள். மாமியார் வெள்ளைச் சோற்றை மலையாகக் குவித்து, “டாக்டரு வூட்டு மனுசரு, கொறயா சாப்டக் கூடாது” என்றாள். மாடத்தில் தவிட்டுத் தண்ணீர் பாட்டில் சீட்டோடு, பொட்டு வைக்கப்பட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அதைக் குடிக்கவில்லையா என்று அவனைக் கேட்டேன். “கால்தான் வந்துடுச்சே, அது இருக்கட்டும்னு வச்சிட்டாங்க” என்றான் முனிரத்தினம் மெதுவாக. அவன் சோற்றைப் பிசையவில்லை. வலது பாதத்தின் கட்டைவிரலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண்கள் பிறகு சாப்பிடுவதற்கான களிச்சட்டி எங்களுக்குப் பின்னால் சுவரோரம் மூடியிருந்தது. மாமியார் மோர் எடுக்க உள்ளே போனாள். முனிரத்தினம் இடதுகையால் மூடியை நகர்த்தி, ஒரு கட்டி களியைப் பிட்டு இலையில் போட்டு, அதன்மேல் வெள்ளைச் சோற்றைத் தள்ளி மூடினான். கன்னியம்மா அந்த மேட்டின்மேல் கீரைக் குழம்பை ஊற்றினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நல்ல சாப்பாடு எது என்று சொல்ல ஒரு டாக்டர் போதும், அதை மாப்பிள்ளை வாயில் சேர்க்க ஒரு வீடே கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உள்ளே காலடிச் சத்தம் திரும்பியது. முனிரத்தினம் இன்னொரு கட்டிக்காகக் கையைப் பின்னால் நீட்டியிருந்தான். வரும்போது ஊறுகாயும் கொஞ்சம் எடுத்துவரச் சொல்லி அந்த அம்மாவுக்குக் குரல் கொடுத்தேன்.