தலையாட்டினால் விமானம் கேட்காது

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் சந்தையில் நான் தினமும் தேநீர் குடிக்கும் கடையின் சீனத்து அக்கா, "தே தாரேக்?" இழுத்து ஆற்றிய தேநீரா என்று கேட்பார். நான் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவேன். அவர் நகரமாட்டார். "மாவ் கா, தா மாவ்?" வேணுமா வேண்டாமா என்று மறுபடி கேட்பார். நம்மூரில் அந்த ஓர் ஆட்டலில் சம்பந்தமே பேசி முடித்துவிடலாம். இங்கே ஒரு தேநீர்கூட வராது. அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டேன், விமானம் ஓட்டக் கற்கும் வரை.

ஆமாம், விமானம்தான், இரண்டு பேர் உட்காரும் சின்னது. நாகப்பட்டினத்திலிருந்து தொழிற்சாலை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்தவன் நான். தீவிலிருந்து பாலம் தாண்டி இருந்த விமானப் பயிற்சிக் கிளப்பில் தயங்கி நின்றபோது, "உனக்கெதுக்கு இது" என்று யாரும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அந்த நன்றி இன்னும் நெஞ்சில் இருக்கிறது. டாக்டர் கண்ணையும் காதையும் சோதித்தார். காற்று, மேகம், வான்சட்டம் படித்து எழுத்துத் தேர்வில் தேறினேன். ரேடியோவில் பேசப் பழகினேன். இனி தனியாகப் பறந்து காட்டினால்தான் உரிமத்துக்கான கடைசித் தேர்வு. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

பயிற்சி தந்த ஃபாத்திமா பினாங்கிலேயே பிறந்த தமிழ்ப்பெண், என்னைவிட இளையவர். மேலே போனதும், "அண்ணே, இப்ப உங்க கையில" என்பார். "என் கையில்" என்று நான் வாய்விட்டுச் சொன்ன பிறகே அவர் பிடியை விடுவார். நானோ ஒருநாள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு விமானத்தை இடப்பக்கம் திருப்பினேன். அவர் கண் வெளியே இருந்தது. பதில் வராததால் தன் பக்கத்துப் பிடியை நேராகப் பிடித்திருந்தார். இருவர் இழுப்புக்கும் நடுவில் விமானம் குலுங்கியது.

"இப்ப யாருண்ணே ஓட்டுறது?"

"நான்தாம்மா. சரின்னேனே!"

"எங்க சொன்னீங்க? ஆட்டத்தானே செஞ்சீங்க! உங்க தலைய பாக்கவா மேல வந்தேன்? வாய் தொறக்கலன்னா தனியா விடமாட்டேன்."

கூடப்பிறந்தவள் திட்டுவதுபோல் இருந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் வாய் திறந்தேன். "மாவ்!" வேணும் என்று நான் போட்ட சத்தத்தில் தேநீர்க்கடை அக்கா திடுக்கிட்டு, பிறகு கைகொட்டிச் சிரித்தார்.

ஒரு காலை, ஓடுதளத்தோரம் ஃபாத்திமா இறங்கிக்கொண்டார். "அண்ணே, இப்ப உங்க கையில."

"என் கையில்!"

பக்கத்து இருக்கை காலி. மேலே ஏறித் திரும்பியபோது தீவும், அதற்கப்பால் நம்மூர்ப் பக்கம் விரிந்த கடலும் தெரிந்தன. பத்திரமாக இறங்கினேன்.

ஊரில் இருக்கும் மனைவியை வீடியோவில் அழைத்தேன். "தனியா ஓட்டிட்டேன்!"

"ஏங்க கத்துறீங்க? சந்தோஷமா?" என்றாள்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தலைதான் ஆடியது. கடலுக்கு அந்தப்பக்கம் அவள் தலையும் ஆடியது.