மகள் எழுதிய கதையில் வரும் அம்மா

இன்று மட்டாஞ்சேரியிலிருந்து கலூர் போகும் பஸ்ஸில் மகளின் தோழி ரம்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கைபேசியைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

“என்னடி சிரிப்பு?” என்றேன்.

“மீனு எழுதற தொடர்கதை ஆன்ட்டி. எங்களை மாதிரி பிளஸ் டூ படிக்கற ரெண்டு கூட்டுகாரிகளோட கதை. ஸ்கூல்ல எல்லாரும் வாசிக்கறா. உங்ககிட்ட சொல்லலியா?”

சொல்லவில்லை. கதை மலையாளத்தில் இருக்கிறது. எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. எனக்கு வாசிக்க வராது என்பது என் மகள் மீனுவுக்கு நன்றாகத் தெரியும்.

“கதையில அம்மா உண்டா?”

ரம்யாவின் சிரிப்பு நின்றது. “உண்டு ஆன்ட்டி. நல்ல அம்மா.”

“தமிழ்ல சொல்லு, கேக்கறேன்.”

விரல் பக்கம் பக்கமாகத் தள்ளியது. வாயிலிருந்து வந்தது ஒரே வரி. “கூட்டுகாரி வந்தா அம்மா சந்தோஷமா சாயா போட்டுத் தருவா.”

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். ரம்யா எங்கள் வீட்டுக்கு வந்தால் நான் சாயா போட்டதே இல்லை. “பரீட்சை வருதே, எப்ப கிளம்பறே?” என்றுதான் கேட்பேன்.

மீனுவைக் காப்பாற்ற, என் முகத்தைப் பார்த்தே கூசாமல் பொய் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

என் கைபேசியில் கதையைத் தேடி எடுத்துவிட்டேன். மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். விரல்தான் போகமாட்டேன் என்கிறது.

நாளை ரம்யா வந்தால் சாயா போடப் போகிறேன். மலையாளம் வாசிப்பவர்கள் அடுத்த அத்தியாயத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: அந்த அம்மா திருந்திவிட்டாளாமா, இல்லை நடிக்கிறாளாமா?