மகளை வென்ற லாரிக்காரர்

எங்கள் முகாமில் ராணுவ லாரி ஓட்டுபவர்கள் பலர் இருந்தாலும் "ஹாரன்" என்ற பட்டப்பெயர் அவர் ஒருவருக்குத்தான். வாயைத் திறந்தால் மூடமாட்டார். அவர் மனைவிக்கு அதே முகாமில் வயர்லெஸ் பிரிவு. வேலையே காதில் மாட்டிக்கொண்டு கேட்பதுதான். சரியான ஜோடி என்று பட்டறையில் நாங்கள் கேலி செய்வோம். கேட்டுக் கேட்டு அந்தம்மாவுக்கு ஒருநாள் அலுத்துப்போயிற்று.

பிரிவது என்று முடிவான பின் மிஞ்சிய வழக்கு ஒன்றுதான்: ஏழு வயது மகள் யாரிடம் வளர்வது? நீதிமன்றத்தில் ஹாரன் ஒரே பிடியாக நின்றார்.

"அவங்க பிரிவை எப்ப வேணும்னாலும் எல்லைக்கு அனுப்பிடுவாங்க ஐயா. நான் இங்கேயே லாரி ஓட்டறவன். பிள்ளை யார்கிட்ட இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

இவரும் அதே சீருடைதானே என்று யாரும் கேட்கவில்லை. தீர்ப்பு இவர் பக்கம் வந்தது. எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார், மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் டீயைக் குடித்தேன்.

மகளை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். தினமும் தலை வாரிவிடுவார்; வகிடு மட்டும் ஒருநாளும் நேராக வந்ததில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் மாற்றல் உத்தரவு வந்தது, அவருக்கே. எல்லை முகாம். குடும்பத்தை அழைத்துப்போக அனுமதி இல்லை. அதிகாரியிடம் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் வீம்பை விட்டுவிட்டு, என் எதிரிலேயே ஸ்பீக்கரில் அந்தம்மாவுக்குப் போன் போட்டார்.

"பாப்பாவை நீயே வச்சுக்க. எழுதிக் கொடுத்துடறேன்."

"நான் எங்கங்க வச்சுக்கறது? அவளுக்காகத்தான் இத்தனை வருஷம் எல்லைக்குப் போறதைத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். அவளே என்கிட்ட இல்லைன்னு ஆனதும் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டேன். வர்ற வாரம் கிளம்பறேன்."

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்ப? நீங்க என்னைப் பேச விட்ட நாள் எது?"

ஹாரன் போனை மெல்லக் கீழே வைத்தார். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது. அதைவிடப் பாவம் அந்தக் குழந்தை.

மகளைச் சேர்க்கப் பள்ளி விடுதிக்கு நானும் கூடப் போனேன். பெட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்தபோது, அவள் அப்பாவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"அப்பா, எனக்கு லீவு விடறப்ப உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது லீவு கிடைக்குமா?"