திரையில் காட்டிய பூஜ்யம்

என் அக்காவுக்குப் பொய் சொல்லவே தெரியாது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். சின்ன வயதில் என்னை மாட்டிவிட்டுத் தான் நழுவுவதில் கைதேர்ந்தவள். ஆனால் இதைச் சொன்னபோது அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் சொல்கிறேன், இது நடந்தது. பேய் வர நடுராத்திரிதான் வேண்டும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். இது சனிக்கிழமை, பட்டப்பகலில், மணி இரண்டே முக்காலுக்கு.

அக்காவுக்கு டிரைவர் எழுதும் வேலை. முதன்முதலில் அதைச் சொன்னபோது "லாரியா, பஸ்ஸா?" என்று கேட்டு அம்மா அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்குமே, அதையே திருகு இல்லாமல் சிப் என்கிற மிளகு அளவு சில்லுக்குள் அடக்கியிருக்கிறார்கள். டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் என்று பேர். அதைக் கையால் திருக முடியாது. 'இத்தனையில் நில்' என்று கம்ப்யூட்டர்தான் உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற நிரல்தான் டிரைவர். கம்ப்யூட்டரின் இயங்குதளத்துக்குள்ளே, கெர்னல் என்கிற ஆழத்தில் அது வேலை செய்யும். அங்கே ஒரு வரி விட்டுப்போனால் வெளியே யாருக்கும் தெரியாது. திரை பாட்டுக்கு நல்ல பிள்ளையாக ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.

எழுதியவர் பேரை டிரைவருக்குள்ளேயே ஒரு வரியில் போட்டுவிடுவது இந்தத் தொழிலின் வழக்கம். பின்னால் கோளாறு வந்தால் அந்தப் பேரைப் பார்த்துத்தான் தேடி வருவார்கள். அக்காவின் பேர் போன மாதம் வரை எதிலும் வந்ததில்லை. அது அவளுக்குப் பெரிய குறை. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

வாலு அவளுடைய உயிர்த்தோழி. சேட்டை தாங்காமல் காலேஜில் வைத்த பேர் அது. ஒரே அறை, ஒரே தட்டு, கடைசியில் ஒரே அலுவலகம். ஒரு பவர் சப்ளை பெட்டிக்கு இருவரும் சேர்ந்து டிரைவர் எழுதினார்கள். பெட்டி எவ்வளவு மின்சாரம் கொடுக்க வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் அந்தச் சில்லுதான் தீர்மானிக்கும். ஸ்விட்ச் போட்டதும் முதலில் ஓடுகிற பகுதி வாலு எழுதியது. மீதி எல்லாம் அக்கா. ஆனால் பேர் வாலுவுடையது. போன மாதம் வாலு வேறு வேலைக்குப் போனாள். போகிற அன்றைக்குத் தன் பேரை எடுத்துவிட்டு அக்கா பேரைப் போட்டிருப்பதைக் காட்டினாள்.

"உன் பேரே இருக்கட்டும்டி. உழைச்சது நீதானே."

அக்கா அழுதேவிட்டாள். வீட்டுக்கு வந்து எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து அந்த ஒற்றை வரியைக் காட்டினாள். நாங்களும் புரிந்த மாதிரி கை தட்டினோம்.

அந்தச் சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் அவள் மட்டும்தான். ஏதோ ஒரு பட்டறையிலிருந்து அந்த சப்ளை பெட்டி ஒன்று, 'சின்னப் பழுது' என்று திரும்பி வந்திருந்தது. மூடியைக் கழற்றினாள். கம்ப்யூட்டரோடு இணைத்து ஸ்விட்சைப் போட்டாள். டிரைவரை ஏற்றினாள். திரையில் பூஜ்யம். அதாவது பெட்டியிலிருந்து மின்சாரம் எதுவும் வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

கர்ரக்...

பின்னால் ஒரு சத்தம். யாரோ பழைய திருகைத் திருப்புகிற மாதிரி. அந்தக் கூடத்தில் திருகு வைத்த சாமான் ஒன்றுகூடக் கிடையாது.

திரும்பினாள். கடைசி மேஜையில் பச்சைக் கோட்டு போட்ட ஒருவர். ஐம்பது வயது இருக்கும். வலது கை கோட்டுப் பைக்குள். ஓவர்டைமுக்கு வந்த டெக்னீஷியன் என்று நினைத்துக்கொண்டாள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அவர் மேஜைமேல் தாள்கள் படபடத்தன. அவர் தலையில் ஒரு முடிகூட அசையவில்லை. அதைப் பார்த்தாள்... பார்த்தும் உறைக்கவில்லை.

"இந்த டிரைவர் யார் எழுதினது?"

யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒரு மாதமாகக் காத்திருந்த கேள்வி.

"நான்தான் சார் எழுதினேன்."

"நீங்களா?"

"ஆமா சார். பேர்கூட உள்ள இருக்கு பாருங்க."

அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"ஜீரோ காட்டுது. கை வெக்கலாமா?"

"தாராளமா வெக்கலாம்."

"நம்பித்தான் வெச்சேன்."

பையிலிருந்து வலது கையை எடுத்தார். விரல்கள் கருகியிருந்தன.

பயத்தைவிட வேலைப் பழக்கம் முந்திக்கொண்டது. அக்கா மின்சாரத்தை அளக்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் எடுத்துப் பெட்டியில் வைத்தாள். திரையில் பூஜ்யம். மீட்டரில்... முழு அளவில் பாதி. ஆளைக் கொல்ல அந்தப் பாதி போதும்.

கர்ரக்...

ஸ்விட்சை அணைத்தாள். மீட்டரில் பாதி.

ஒயரைப் பிடுங்கினாள்.

பாதி.

கர்ரக்... கர்ரக்...

இந்த முறை காதுக்குப் பக்கத்தில்.

கடைசி மேஜை காலி.

ஓடினாள்.

திங்கட்கிழமை ஸ்டோர்காரரிடம்தான் முதலில் கேட்டாள், பச்சைக் கோட்டு போட்ட டெக்னீஷியன் யார் என்று.

"நம்ம ஆபீஸ்ல ஏதும்மா பச்சைக் கோட்டு? அந்தப் பெட்டி வந்துச்சே, அந்தப் பட்டறையிலதான் போடுவாங்க. அதுல ஒருத்தர் ஷாக் அடிச்சுப் போயிட்டாரே, தெரியாதா? ரெண்டு மாசம் ஆச்சு. கையுறை போடலைன்னு அவர் மேலயே பழியைப் போட்டு மூடிட்டாங்க. உங்க ஃப்ரெண்டுதானே நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தாங்க?"

வாலு இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அக்கா தன் இடத்துக்கு வந்து, வாலு எழுதிய பகுதியை வரி வரியாகப் படித்தாள். அந்தச் சில்லு மின்சாரம் வந்ததும் தானாக நடுவில் போய் நிற்கும். அதை உடனே கீழே இறக்க வேண்டும். அந்த உத்தரவு அங்கே இல்லவே இல்லை. சில்லு எங்கே நிற்கிறது என்று கேட்கக்கூட இல்லை. கேட்காமலேயே பூஜ்யம் என்று திரைக்குச் சொல்லிவிடுகிறது. திருத்திய தேதியைப் பார்த்தால், பட்டறைக்குப் போய்வந்த பிறகு வாலு அந்த டிரைவரைத் திறந்திருக்கிறாள். தப்பைத் தொடவில்லை. ஒரே ஒரு வரியைத்தான் மாற்றியிருந்தாள். பேர் இருந்த வரியை.

அக்கா வாலுவுக்குப் போன் போட்டாள். இவள் ஹலோகூடச் சொல்லவில்லை.

"வந்தாரா?" என்றாள் வாலு.

பேய்கூட அப்படிப் பயமுறுத்தவில்லை என்றாள் அக்கா. இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவள். வருவார் என்று தெரிந்தே விட்டுப் போயிருக்கிறாள்.

"தெரியுமாடி உனக்கு?"

"ஒரு மாசம் நான் தூங்கலடி..."

"அதனால என் பேரைப் போட்டியா?"

"நீ தப்பு பண்ணலியே. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டார்னு நெனச்சேன்."

"நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன்டி! சிரிச்சுக்கிட்டே சொன்னேன்!"

சொன்ன பிறகுதான் அக்காவுக்கு இன்னொன்று உறைத்தது.

"உன்கிட்டயும் கேட்டாரா? யார் எழுதினதுன்னு?"

"தினம் கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"



"உன் பேரைச் சொன்னேன்."

டிரைவரில் பேரை மாற்றியதே அதற்கு மறுநாள்தானாம். அன்றிலிருந்து அவளுக்கு நல்ல தூக்கமாம். அதையும் அவளே சொன்னாள்.