பைக்குக் காவல்

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மலையைப் பார்க்கப் போனாலும் அடிவாரத்தில் ஒருத்தர் பைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒருத்தர் யார் என்று யாரும் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது நான்தான்.

முதல் தடவை செஞ்சிக்கோட்டை. கல்யாணமாகி நாலு மாதம். மாமியார் வீட்டு ஜனங்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ராஜகிரிக்கு ஏறும் இடத்தில் எல்லோரும் பைகளைப் பார்த்தார்கள், பிறகு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். “நீங்க போய்ட்டு வாங்க, நான் இருக்கேன்” என்று நான் சொன்னேன். புதுப்பெண் வேறென்ன சொல்வாள்? யாராவது “நீயும் வாம்மா” என்பார்கள் என்றுதான் சொன்னேன். ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த நிமிஷம் ஓட்டமாய் ஓடிவிட்டார்கள். ஒரு குச்சியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் குரங்கு விரட்டினேன். இறங்கி வந்த என் வீட்டுக்காரர், “மேல ஒண்ணும் இல்ல, வெறும் கல்லு” என்றார். ஒன்றும் இல்லாததைப் பார்க்க மூன்று மணி நேரமா?

அப்புறம் ஏற்காடு. அங்கும் பை. திருவந்திபுரத்தில் சொந்தக்காரர்கள் கல்யாணம் எத்தனை நடந்திருக்கும், கணக்கே இல்லை. தாலி கட்டி முடிந்ததும் எல்லோரும் எதிரே உள்ள மலைக்கோயிலுக்குப் படியேறுவார்கள். எழுபது சொச்சம் படிதான். நான் கீழே செருப்புக் குவியலுக்கும் சீர்ப் பைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பேன். சாமியே என்னைப் பார்த்துச் சலித்திருக்கும்.

இதில் எனக்கு வயிறு எரிவதற்குக் காரணம் இருக்கிறது. நான் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சிதம்பரம் பக்கம். தாம்பாளத்தைக் கவிழ்த்தது போல் தட்டையான பூமி. எங்கள் ஊரில் உயரம் என்றால் கோபுரம். அதையும் கீழே நின்று அண்ணாந்துதான் பார்க்கலாம். பாலத்தின் மேல் பஸ் ஏறினால் கழுத்தை நீட்டி வெளியே பார்க்கிற ஜனங்கள் நாங்கள். சத்துணவுக் கூடத்தில் இத்தனை வருஷம் அமைப்பாளராக இருந்து, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ரிட்டையர் ஆனவள் நான். ஒரே ஒரு தடவை உயரத்தில் நின்று குனிந்து பார்க்க வேண்டும், அதுவும் கடலைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கரையில் நின்று பார்த்தால் கடல் ஒரு கோடு மாதிரிதான் தெரிகிறது. மேலிருந்து பார்த்தால் அது எவ்வளவு பெரிசு என்று தெரியுமாமே. இது ஒரு பெரிய ஆசையா?

தை மாதம் முட்டிக்கு டாக்டரிடம் போனேன். படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரொம்பத் தேஞ்சிருக்கும்மா. சித்திரையில ஆபரேஷன் வச்சிக்கலாம். அதுக்கப்புறம் மலை ஏறுறதெல்லாம் மறந்துடுங்க” என்றார். நான் எங்கே ஏறினேன், மறப்பதற்கு? அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே வீட்டில் சொல்லிவிட்டேன்: “சித்திரைக்குள்ள கேப்பர் மலைக்குப் போறோம். இந்தத் தடவ நான் ஏறுறேன்.”

கடலூரை ஒட்டி இருக்கும் அந்த மலையை மலை என்று சொன்னால் சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். செம்மண் மேடு, முந்திரித் தோப்பு, ஜெயில், அவ்வளவுதான். இருக்கட்டுமே. அதன் ஓரத்தில் நின்றால் கடல் தெரியும். எனக்கு அது போதும்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். நான், என் வீட்டுக்காரர், மகன், மருமகள். மருமகள் நெல்லிக்குப்பத்துப் பெண், வந்து இரண்டு வருஷம் ஆகிறது. மருந்துக்கடையில் வேலை. ஆறு நாளும் நின்றுகொண்டே மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு ஞாயிறு ஒன்றுதான் லீவு. அந்த லீவிலும் விடியும் முன் எழுந்து என்னோடு புளிசோறு கிளறினாள். புளிசோற்றுத் தூக்கு, தயிர்சோற்று டப்பா, உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர் கேன், பாய், குடை என்று சாமான் சேர்ந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்கு அரை நாள் வெளியே போவதென்றாலும் ஒரு குடித்தனத்தையே தூக்கிக்கொண்டு போனால்தான் திருப்தி. சிதம்பரத்தில் பஸ் ஏறிக் கடலூரில் இறங்கினோம். முதுநகரில் இருக்கும் கொழுந்தனாரும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார். இரண்டு ஆட்டோ பிடித்து அடிவாரத்தில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் போய்விட்டார்கள்.

ஒரு முந்திரி மரத்தடியில் பைகளை இறக்கினார்கள். நான் எதிர்பார்த்தபடியே எல்லோரும் பைகளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

“அண்ணி, நல்ல நெழலா இருக்கு. காலை நீட்டி உக்காருங்க. முட்டிக்கு நல்லது” என்றார் கொழுந்தனார். பாயை வேறு விரிக்கப் போனார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. “என் முட்டி அஞ்சு வருஷமாத்தான் வலிக்குது. அதுக்கு முன்னாடி எந்த முட்டிக்காக என்னை உக்கார வச்சீங்க?” என்றேன்.

“இப்ப எதுக்குக் கத்துற? நாலு பேரு பாக்குறாங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

“பாக்கட்டும். நான் இன்னா உங்க வீட்டு வாட்ச்மேனா? யூனிபார்ம் தச்சுக் குடுங்க, போட்டுக்கறேன். செஞ்சியில நீங்க ஏறுனீங்க. ஏற்காட்டுல நீங்க ஏறுனீங்க. எறங்கி வந்து ஒண்ணும் இல்லன்னு எங்கிட்டயே சொன்னீங்க. அந்த ஒண்ணும் இல்லாதத இன்னைக்கி நானும் பாக்கணும்.”

“மேல ஏறி முட்டி புடிச்சிக்கிச்சின்னா யாரும்மா தூக்கறது?” என்றான் மகன். பெற்ற பிள்ளை! பத்து வயசுவரை இடுப்பிலிருந்து இறங்காதவன்.

“நீ தூக்க வேணாம். உருண்டு வந்துடறேன்” என்றேன்.

அப்போது மருமகள், “நான் இருக்கேன் அத்தை. நீங்க போய்ட்டு வாங்க” என்றாள்.

“சரிம்மா, பாத்துக்க. நாய் வரும்” என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த கைப்பையையும் கழற்றி அவள் பக்கத்தில் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தேன். எனக்கு ஒரே ஜெயித்த வெறி.

பாதை பொடிச் சரளை. மழையில் அறுத்துக்கொண்டு போன பள்ளம் நடுவில். முட்டி ஒவ்வொரு அடிக்கும் சுருக்கென்றது, நான் வாயைத் திறக்கவில்லை. முகத்தில் வலி தெரிந்தால் உடனே, “நாங்கதான் சொன்னோமே” என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. முந்திரி பூத்திருந்தது, தோப்பு முழுக்க வாசனை. அதை நிம்மதியாக மூச்சிழுக்க விடுகிறார்களா? மரத்துக்கு மரம் குவார்ட்டர் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், பிரியாணிப் பொட்டலம். நான் ஒரு வாழ்நாள் காத்திருந்து வருகிற இடத்துக்கு இவன்கள் வாரா வாரம் வந்து தின்று, குடித்து, உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறான்கள். ஏறும் உரிமை யார் யாருக்கோ இருக்கிறது பாருங்கள்.

மூன்று இடத்தில் நின்றேன். “பூ பாக்குறேன்” என்று சொல்லிக்கொண்டேன். கொழுந்தனார் நம்பினார். என் வீட்டுக்காரர் நம்பவில்லை. ஆனாலும் அவரும் நின்று பூ பார்த்தார்.

பிறகு மரங்கள் விலகின. மேடு முடிந்தது. நான் ஓரத்துக்குப் போய் நின்றேன்.

கீழே கெடிலம் மணலும் தண்ணீருமாக நெளிந்துகொண்டு போனது. தென்னந்தோப்புகளின் தலை தெரிந்தது. தென்னைமரத்தின் தலையை மேலிருந்து நான் பார்த்ததே இல்லை. வீடுகள், பஸ் போகும் ரோடு, முதுநகர்ப் பக்கம் படகுகள். அதற்கெல்லாம் அப்பால் கடல். கோடு இல்லை. ஒரு கோடி முதல் மறு கோடி வரை நீலமாக விரிந்து, ஊரையே ஓரத்தில் ஒட்டவைத்த மாதிரி கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் இல்லை, கோபத்தில். அடப்பாவிகளா, இதையா ஒன்றும் இல்லை என்றீர்கள்? இதை விட்டுவிட்டா நான் செருப்பு எண்ணிக்கொண்டிருந்தேன்?

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். “நல்லாத்தான் இருக்கு” என்றார். அவரிடமிருந்து அவ்வளவுதான் வரும்.

“ஒரு போட்டோ எடுங்க. கீழ இருக்கற புள்ளைக்குக் காட்டலாம்” என்றேன்.

அவர் போனைத் தூக்கினார். எனக்கு அப்படியே உடம்பு கூசிப்போயிற்று. சொன்னது என் வாய்தான். அவள் என்னைவிட முப்பது வயது சின்னவள், முட்டி நன்றாக இருப்பவள், ஒரு நாள் லீவில் வந்தவள். அவளைத்தான் பைக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வழியெல்லாம் இவர்களை என்னென்னவோ திட்டினேனே, என்னை எதைச் சொல்லித் திட்டுவது?

மகனைப் பார்த்தேன். பாறையில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். “டேய், எறங்கு. போய் பைகிட்ட உக்காரு. அவ வரட்டும்” என்றேன்.

“அவளேதாம்மா இருக்கேன்னு சொன்னா.”

“சொன்னா? சொன்னா வுட்டுட்டு வந்துடுவியா? எழுந்திருடா மொதல்ல!” நான் போட்ட சத்தத்தில் கொழுந்தனாரே எழுந்துவிட்டார். மகன் முணுமுணுத்துக்கொண்டு இறங்கினான். நான் போனை வாங்கி மருமகளுக்கு அடித்தேன்.

“மேல வாம்மா.”

“பரவால்ல அத்தை. எனக்கு மலையெல்லாம் அவ்ளோ ஆசை இல்ல.”

“பொய் சொல்லாத. ஒன் புருஷன் வரான், சாமான அவன் பாத்துப்பான். நீ ஏறு.”

அதோடு லைன் போய்விட்டது.

ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பாதையில் மகன் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தான். அவன் கால்வாசி வழிகூடப் போயிருக்க மாட்டான். அதற்குள் முந்திரி மரத்தடியிலிருந்து மஞ்சள் துப்பட்டா கிளம்பிவிட்டது. அவனுக்காகக் காத்திருக்கவில்லை. பைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு சரளையில் ஓடி ஏறினாள். பாதி வழியில் அவனைத் தாண்டும்போது அவன் ஏதோ சொன்னான். அவள் நிற்கவில்லை.

“ஏய், சாப்பாட்ட நாய் இழுத்துறப் போவுது!” என்று என் வீட்டுக்காரர் பதறினார். “இழுக்கட்டும்” என்றேன்.

மூச்சு வாங்க மேலே வந்தாள். எனக்கு இடம் விட்டு, ஒரு நாலடி தள்ளி ஓரத்தில் போய் நின்றாள். ரொம்ப நேரம் கடலைப் பார்த்தாள். “மன்னிச்சிக்கம்மா” என்று நான் சொன்னது காற்றில் அவளுக்குக் கேட்டதா, தெரியாது. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.