பொதிகையில் நான் பார்க்காத அஸ்தமனம்

அக்கா எனக்குப் படிக்கத் தந்த அந்தப் பயண நூலுக்குப் பழைய காலண்டர் தாளில் உறை போட்டிருந்தார். பனிமலை ஒன்றில் தனியாக ஏறிய ஒருவர் எழுதிய தடித்த புத்தகம். அக்கா என்றால் உடன்பிறந்தவர் அல்ல. தம்பானூர் பக்கம் நான் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் எங்கள் பிரிவின் அதிகாரி. மற்றவர்கள் எல்லோரும் மலையாளம் பேசுகிறவர்கள்; வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அதனால் மேடம் மூன்றே நாளில் அக்காவாகிவிட்டார். இன்று அவர் ஓய்வு பெற்று மகளுடன் வெளியூரில் இருக்கிறார். மலைக்குப் புறப்படும்முன் ஒரு பயண நூலைப் படித்து முடிக்கும் பழக்கம் மட்டும் அவர் தந்த புத்தகங்களால் எனக்கு ஒட்டிக்கொண்டு, இன்னும் விடவில்லை.

எங்களுக்குள் பேசாமலே ஒரு பங்கீடு இருந்தது. படிப்பது அவர், ஏறுவது நான். பனிப்புயலில் கூடாரம் எப்படிக் கட்டுவது, உயரம் கூடினால் மூச்சு எப்படித் திணறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் ஏறிய உயரம் பொன்முடி வரை, அதுவும் பஸ்ஸில். லீவு கிடைத்தால் நான் ஏதாவது ஒரு மலைக்கு ஓடுவேன். திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் பிரிவே கூடி என் கதையைக் கேட்கும். அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதுதான் வினையாயிற்று.

பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடத்துக்கு முதல்முறை போனபோது, கடைசிப் பாறையில் கயிறு பிடித்து ஏற வேண்டிய இடத்தில் எனக்குத் துணிவு வரவில்லை. கூட வந்தவர்கள் மேலே போனார்கள்; நான் கீழேயே உட்கார்ந்துவிட்டேன். திங்கட்கிழமை எல்லோரும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார்கள். பயந்து உட்கார்ந்தேன் என்று சொல்ல நா எழவில்லை. உச்சியில் நின்றேன் என்றேன். அதோடு விட்டேனா? சூரியன் அஸ்தமித்ததை, மேகங்கள் காலடியில் சிவந்ததை, மலையின் நிழல் வெகுதூரம் நீண்டு கிடந்ததை எல்லாம் விரிவாகச் சொன்னேன். தபால் பிரிவுக்காரர் ஒருவர் சோற்றைப் பிசைவதையே நிறுத்திவிட்டார். அக்கா மட்டும் எதுவும் கேட்காமல் மோர் ஊற்றிக்கொண்டார்.

சில வருடங்கள் கழித்து, பெண்களும் அந்த மலைக்குப் போகலாம் என்று ஆனது. ஒரு ஜனவரியில் அக்கா கம்ப்யூட்டர் முன் காத்திருந்து மலையேற வனத்துறை தரும் பாஸ் இரண்டு எடுத்துவிட்டார். ஒன்று எனக்கு.

"அடுத்த வருஷம் இந்தக் கால்முட்டு சம்மதிக்காதுடா. புஸ்தகத்துக்கு வெளியில ஒரு மலையையாவது பாக்கணும். நீ வழி அறிஞ்சவனாச்சே, பின்னே என்ன?"

தடுக்கப் பார்த்தேன். யானை என்றேன், அசரவில்லை. அட்டை கடிக்கும் என்றதும்தான் கொஞ்சம் யோசித்தார். அவர் படித்த எந்தப் பனிமலையிலும் அட்டை கிடையாது. மறுநாள் புகையிலைத் தூளும் முழங்கால் உயரக் காலுறையும் வாங்கி வந்து மேஜையில் வைத்தார். இனி தப்ப வழியில்லை.

நடை தொடங்கும் போணக்காட்டிலிருந்து முதல் நாள் முழுதும் நடந்து முகாமில் தங்கினோம். அவர் மெதுவாக, ஆனால் நிற்காமல் நடந்தார். மறுநாள் காலை ஏறத் தொடங்கும்போது வழிகாட்டி, மதியத்துக்கு முன் உச்சியை விட்டு இறங்கியாக வேண்டும், அதுதான் எப்போதும் வழக்கம் என்றார். அஸ்தமனக் கதை சொன்ன நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன்.

கயிறு தொங்கும் பாறை வந்தது. அக்கா கழுத்தை உயர்த்திப் பார்த்தார்.

"இதுக்கு மேல எப்படிடா? செங்குத்தா, சாய்வா?"

அவர் கால் வைக்கப் போவது என் வார்த்தையை நம்பி. அங்கே பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"எனக்குத் தெரியாது அக்கா. நான் இதுக்கு மேல போனதில்லை."

"அது எனக்கறியாம்."

"எப்படித் தெரியும்?"

"நீ சொன்ன அஸ்தமனம் அந்தக் காலண்டர் தாள் புஸ்தகத்துல உள்ளதுல்லா? உனக்குத் தர்றதுக்கு முந்தி நான் ரெண்டு தடவை படிச்சாச்சு."

"பின்னே ஏன் அப்பவே சொல்லலை?"

"எல்லாரும் சோறு திங்காம கேட்டுட்டு இருந்தாங்க. நல்லாத்தான் சொன்னே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கயிற்றைப் பிடித்து, வழிகாட்டி காட்டிய இடங்களில் கால் வைத்து ஏறிப் போனார். அந்த முறையும் என்னால் முடியவில்லை. பாறையடியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. அந்தப் புத்தகக்காரர் தான் பயந்ததையும் பாதியில் திரும்பியதையும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். நான் அவற்றைத் தள்ளிவிட்டு உச்சியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை மேஜையில் அக்காவைச் சுற்றிக் கூட்டம். "முழுக்க மஞ்ஞு மூடிக் கெடந்தது. பத்தடிக்கு அப்புறம் ஒண்ணும் காணலை" என்று மலையாளத்தில் ஆரம்பித்தார். அவ்வளவுதான், தபால் பிரிவுக்காரர் சிரித்தார். மேடத்துக்கு யோகமில்லை, இவன் போனபோது அஸ்தமனமே கிடைத்ததே என்றார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து சோற்றில் மோரை ஊற்றினார். அவர் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த முட்டியை வைத்துக்கொண்டு அவர் ஏறியதை என் பொய் ஒரே நொடியில் ஒன்றுமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

"நான் உச்சிக்குப் போனதே இல்லை. ரெண்டு தடவையும் கயிற்றுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். அந்த அஸ்தமனம் ஒரு புத்தகத்தில் படிச்சது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. தபால் பிரிவுக்காரர் மெல்ல நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, மேலே என்னதான் இருந்தது என்று கேட்டார். அக்கா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, கயிற்றின் முதல் முடிச்சிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடாமல் கேட்டேன்.