முகட்டில் வைத்த இரண்டு டயர்கள்

எழுபதுகளின் தட்டுப்பாட்டுக் காலத்தில் கல்முனையில் புது டயர் கிடைப்பது லேசான காரியமில்லை. ஹயர் கார் ஓட்டிப் பிழைத்த எனக்கு, கல்முனைக்குடிக் கடைக்காரர் ஒருவர் எங்கோ சொல்லி இரண்டு டயர் எடுத்துத் தந்தார். நல்ல மனிதர். டயர்களும் நல்லவை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

உடனே போட எனக்கு மனம் வரவில்லை. பழையது ஓடும்வரை ஓடட்டும், அருமைப் பொருளை ஏன் தேய்க்க வேண்டும் என்று, மனைவிக்குச் சீதனமாக வந்த வீட்டின் அடுப்படி முகட்டில், தகரத்துக்குக் கீழே ஏற்றி வைத்தேன். அங்கே ஈரம் படாது, எலி வராது. என் கெட்டித்தனம் அவ்வளவுதான். மேலே தகரம் காய்ந்தது, கீழே மூன்று வேளையும் அடுப்பு எரிந்தது. நோன்புப் பெருநாளைக்கு வீடு கழுவும்போதெல்லாம் மனைவி இரண்டையும் இறக்கச் சொல்லித் துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசுவாள். கறுகறுவென்று மினுங்கும். நானும் புகழ்வேன். பிறகு கடைகளில் டயர் தாராளமாக வந்தது. அப்போதும் எங்களுடையதை இறக்கவில்லை.

கலியாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் பிள்ளை தங்கியது. வலி கண்டதும் மட்டக்களப்புக்குக் கொண்டு போங்கள், சுணங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மாதம் நெருங்கியதும், நம்பிக்கையாக இருக்கட்டும் என்று முன் சில்லுகளின் பழைய டயர்களைக் கழற்றி, முகட்டில் இருந்தவற்றைப் போட்டேன். கழற்றியவை தேய்ந்திருந்தன, ஆனால் ஓடக்கூடியவை.

ஒரு நாள் விடியற்காலை, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வலி கண்டது. அவள் உம்மாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். களுவாஞ்சிக்குடிக்கு இந்தப் பக்கம் இடது டயர் வெடித்தது. இருந்த ஒரு ஸ்பெயர் சில்லை மாட்டினேன். இரண்டு மைல் போவதற்குள் வலதும் வெடித்தது. மாற்ற ஒன்றுமில்லை; கழற்றிய பழையவை வீட்டில் கிடந்தன. ரோட்டில் நின்று கை காட்டினோம். கடைசியில் ஒரு பஸ் நின்றது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில், நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம் பிள்ளை பிறந்தது. உயிர் இல்லை. ஆண் பிள்ளை என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கை முழுக்கக் கறுப்பாக இருக்கிறதே, பிள்ளையை எப்படித் தொடுவது என்று மட்டும் நினைத்தேன்.

பிறகு டயர் ஒட்டுபவரிடம் இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் விரலால் அழுத்தினார். பக்கமெல்லாம் வயல் வெடித்தது போல் கீறல்.

"இது ஓடிக் கெட்டதில்ல, இருந்து கெட்டது. அடுப்புச் சூடும் எண்ணெயும் றப்பரத் தின்னும். ஆரு எண்ணெய் பூசின?"

"நான்தான்" என்றேன்.

வீட்டில் மனைவி படுத்திருந்தாள். டயருக்கு என்னவாம் என்று கேட்டாள். எண்ணெய் என்று சொன்னால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள் என்று பயந்தேன். "வாங்கக்குள்ளயே பழுதாம்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது.

அன்று முதல் தொழுத கையோடு, "அந்தக் கடைக்கார மனிசன அல்லாஹ் கேக்கட்டும்" என்பாள். ஏழெட்டு வருடம் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் சோறு தின்றேன். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

எண்பதுகளின் கடைசியில் கடைக்காரர் மௌத்தானார். சாவுச் செய்தி கேட்டதும் மனைவி அரிசிச் சுளகைக் கீழே வைத்தாள்.

"இஞ்ச பாருங்க, மையத்து எடுக்க முந்திப் போங்க. நான் மன்னிச்சிட்டன் எண்டு அவர்ர மகனிட்டச் சொல்லுங்க. நம்மட மனக்குறையோட அவர் கபுறுக்குப் போகப்படாது."

போனேன். மூத்த மகனின் கையைப் பிடித்துச் சொன்னேன். அழுது சிவந்த கண்ணோடு என்னைப் பார்த்தான்.

"வாப்பா உங்களுக்கு என்ன செஞ்ச?"

"ஒண்டும் செய்யல்ல, மகன்."

அவன் கையை விடாமல் நின்றான். நான்தான் இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "சொன்னீங்களா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அன்று அவள் வயிறாறச் சாப்பிட்டாள்.